‘செக்’ என்ற ஒரு சொல்லை வைத்து: ஆங்கிலச் சொற்களின் வேர் தேடப் பழகுவோருக்கு

செக் புத்தகம், கட்டம் போட்ட செக் சட்டை, விமான நிலையத்தில் செக்-இன், சாலையில் செக்போஸ்ட், “எதற்கும் ஒரு தடவை செக் பண்ணிப் பார்”, சதுரங்கத்தில் “ராஜாவுக்குச் செக்”. ஆங்கிலம் படிக்காதவர்கள் வாயிலும் சரளமாக வந்துபோகும் சொல் இது. வங்கியில் நீட்டும் தாளுக்கும், சட்டைத் துணிக்கும், சதுரங்க ராஜாவுக்கு வரும் ஆபத்துக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது என்று யோசிக்க ஆரம்பித்தால், சொற்களின் வேர் தேடும் ஆர்வம் தானாகத் தொற்றிக்கொள்ளும்.

அந்த ஆர்வம் தொற்றியவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. மொழியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டு, ஒரு நல்ல அகராதி, கொஞ்சம் பொறுமை போதும். ‘செக்’கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போவோம். வழி நெடுக ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒரு சொல், தூரத்தில் இருக்கும் அர்த்தத்துக்கு ஒரே தாவலாகத் தாவுவதில்லை. பக்கத்தில் இருக்கும் அர்த்தத்துக்குத்தான் நகரும், அங்கிருந்து அதன் பக்கத்துக்கு. நடுவில் இருக்கும் ஒவ்வோர் அடியையும் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

முதல் படி: சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

ரொம்பப் பெரிய சொல்லில் கை வைக்காதீர்கள். ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டுமே ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்கள் 600-க்கும் மேற்பட்ட அர்த்தங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ‘செட்’, ‘கோ’, ‘டேக்’ எல்லாம் அதே ரகம். புதிதாக வருகிறவர் அங்கே நுழைந்தால் முதல் நாளிலேயே அலுத்துவிடும்.

எட்டுப் பத்து அர்த்தங்கள் இருக்க வேண்டும். அவற்றில் இரண்டு மூன்றாவது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவைபோலத் தெரிய வேண்டும். அப்படிப்பட்ட சொல்தான் பழகுவதற்கு ஏற்றது. ‘செக்’ அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இரண்டாம் படி: அர்த்தங்களை அல்ல, வாக்கியங்களைச் சேருங்கள்

பலரும் நேராக அகராதியைத் திறந்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் அந்தச் சொல் உங்கள் காதில் விழுந்த, கண்ணில் பட்ட வாக்கியங்களை எழுதிக்கொள்ளுங்கள். அர்த்தம் தனியாக நிற்பதில்லை. வாக்கியத்துக்குள்தான் அது நகர்கிறது. வாக்கியம் கையில் இருந்தால் எந்த இடத்தில் அர்த்தம் லேசாகத் திரும்பியது என்று பிறகு பார்க்க முடியும்.

‘செக்’குக்கு என்னென்ன கிடைக்கும்? கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. கோபத்தை அடக்கி வைப்பது. எதிரி படையின் முன்னேற்றத்தைத் தடுப்பது. ராஜா தாக்குதலில் இருக்கிறது என்று சதுரங்கத்தில் அறிவிப்பது. வங்கிக்குக் கொடுக்கும் பண உத்தரவு. அமெரிக்க உணவகத்தில் சாப்பிட்டு முடித்ததும் கொண்டுவரும் பில். பெட்டியை ஒப்படைத்துவிட்டு வாங்கிக்கொள்ளும் டோக்கன். சரி என்று போடும் டிக் குறி. கட்டம் போட்ட துணி. போக்கர் சீட்டாட்டத்தில் பந்தயம் கட்டாமல் வாய்ப்பை அடுத்தவருக்கு விடுவது. ஐஸ் ஹாக்கியில் உடம்பால் மோதி எதிராளியைத் தடுப்பது. மரம் காயும்போது பலகையில் விழும் வெடிப்புக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான்.

இந்த வரிசையை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். ‘தடு’ என்கிற கருத்து பல இடங்களில் தலைகாட்டுவதை நீங்களே கவனித்துவிடுவீர்கள். அடக்குவது, தடுப்பது, மோதி நிறுத்துவது எல்லாம் ஒரு பக்கம் சேர்கின்றன. ‘சரிபார்’ என்ற கருத்து இன்னொரு கொத்து. துணி மட்டும் தனியாக நிற்கிறது. அகராதியைத் தொடாமலே இவ்வளவு தூரம் வந்துவிடலாம்.

மூன்றாம் படி: ஒலியில் ஒன்றாக இருப்பவற்றைப் பிரியுங்கள்

ஒரே மாதிரி ஒலிக்கும் எல்லாம் ஒரே சொல் ஆகிவிடாது. செக் குடியரசின் ‘செக்’ நம் சொல்லோடு எந்த உறவும் இல்லாதது. அது அந்த மக்களின் பெயர். போலிஷ் மொழி எழுத்துக்கூட்டல் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

எழுத்துக்கூட்டலும் ஏமாற்றும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் வங்கிக் காசோலையை ‘க்யூ’ எழுத்துப் போட்டு வேறு மாதிரி எழுதுகிறார்கள். அமெரிக்காவில் சாதாரணச் ‘செக்’ போலவே எழுதுகிறார்கள். எழுத்து வேறானாலும் இரண்டும் ஒரே சொல்தான். இதற்கு நேரெதிர் ‘மேட்’. நண்பனைக் குறிக்கும் ‘மேட்’டையும் ‘செக்மேட்’டில் வரும் ‘மேட்’டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள், ஆனால் இரண்டும் வேறு வேறு. நண்பன் ‘மேட்’ ஜெர்மானிய மொழிகளின் பக்கத்திலிருந்து வந்தது. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்பது அதன் பழைய பொருள். ‘மீட்’ என்ற இறைச்சிச் சொல்லுக்குச் சொந்தக்காரன் அது. சதுரங்க ‘மேட்’ வந்த வழி முற்றிலும் வேறு, அதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

ஒரே சொல்லா இரு சொற்களா என்பதை எழுத்தும் ஒலியும் தீர்மானிக்காது, வரலாறுதான் தீர்மானிக்கும். அதனால் இந்தக் கட்டத்தில் சந்தேகம் இருந்தால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள்.

நான்காம் படி: அகராதியைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா அகராதியும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதிகள் அதிகம் புழங்கும் அர்த்தத்தை முதலில் போடும். வேர் தேட அது உதவாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி வரலாற்று முறையில் தொகுக்கப்பட்டது. அதில் பழைய அர்த்தம் முன்னால் வரும், ஒவ்வோர் அர்த்தத்தின் கீழும் ஆண்டு வாரியாக மேற்கோள்கள் இருக்கும். ஜேம்ஸ் மரே ஆசிரியராக இருந்து தொடங்கிவைத்த அந்த வேலையின் முதல் பகுதி 1884-இல் வெளிவந்தது, கடைசிப் பகுதி 1928-இல். நூல்களைப் படித்து, சொல் வரும் வாக்கியத்தைச் சீட்டில் எழுதி அனுப்பிய ஏராளமான தன்னார்வலர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. இரண்டாம் படியில் நாம் செய்ததும் அதே வேலையைத்தான். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்துவரும் ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி நல்ல தொடக்கம். விக்சனரியும் பயன்படும், ஆனால் அதில் பார்த்ததை வேறோர் இடத்திலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வேர் பற்றிய பகுதியில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை, அறிஞர்கள் ஒப்பிட்டுப் பார்த்து ஊகித்தது என்று அர்த்தம். ‘சுமார்’ என்பதைக் குறிக்கும் சிறு எழுத்து ஆண்டுக்கு முன்னால் இருந்தால் அந்த ஆண்டைத் துல்லியமானதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம்: கொடுத்திருக்கும் ஆண்டு, அந்தச் சொல் எழுத்தில் முதன்முதலாகக் கிடைத்த ஆண்டு. மக்கள் அதற்கு முன்பே பேசியிருப்பார்கள். “இந்தச் சொல் இந்த ஆண்டில் பிறந்தது” என்று எழுதிவிடாதீர்கள்.

பொருளும் பெயரும் ஒரே நேரத்தில் பிறப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லண்டனில் 1659 தேதியிட்ட, கையால் எழுதிய காசோலை ஒன்று இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் அதற்குச் ‘செக்’ என்று பெயர் இல்லை. தாள் முதலில் வந்துவிட்டது, பெயர் அடுத்த நூற்றாண்டில்தான் வந்தது.

ஐந்தாம் படி: பின்னோக்கி நடங்கள்

இப்போது அகராதி சொல்லும் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துப் பின்னால் போக வேண்டும். ஆங்கிலத்தில் ‘செக்’ சுமார் 1300-இல் தென்படுகிறது. அப்போது அது சதுரங்கச் சொல். அதற்கு முன் பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’. அதற்கும் முன் இடைக்கால லத்தீனில் ‘ஸ்காக்குஸ்’. ஸ்விட்சர்லாந்தின் ஐன்சீடல்ன் மடத்தில் 10ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஒரு லத்தீன் கவிதை இருக்கிறது. ஐரோப்பாவில் சதுரங்கத்தைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பாக அதைச் சொல்கிறார்கள். லத்தீனுக்கு முன் அரபி. அரபிக்கு முன் பாரசீகம். பாரசீகத்தில் அந்தச் சொல் ‘ஷாஹ்’. ராஜா.

ஆமாம், ஈரானின் மன்னர்களை ‘ஷா’ என்று சொல்கிறோமே, அதே சொல்தான். எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது “ஷாஹ்!” என்று குரல் கொடுத்து எச்சரிப்பது அந்த ஆட்டத்தின் வழக்கம். “உன் ராஜா, பார்த்துக்கொள்” என்பது மாதிரி. அந்தக் குரல்தான் அரபு உலகம் கடந்து, ஸ்பெயினும் சிசிலியும் தாண்டி, பிரான்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்தபோது ‘செக்’ என்று ஒலித்தது. வேரைப் பார்த்தால், “ராஜாவுக்குச் செக்” என்று சொல்கிறவர் “ராஜாவுக்கு ராஜா” என்றுதான் சொல்கிறார்.

இன்னும் பின்னால் போகலாம். பாரசீக மன்னன் முதலாம் தாரயவுஷ் கி.மு. 520 வாக்கில் பெஹிஸ்துன் மலைப்பாறையில் மூன்று மொழிகளில் கல்வெட்டு வெட்டிவைத்தான். அதில் தன்னை ‘க்ஷாயதிய’ என்கிறான். மன்னன் என்று பொருள். ‘ஷாஹ்’ அதிலிருந்து தேய்ந்து வந்தது. சமஸ்கிருதத்தில் ஆட்சியைக் குறிக்கும் ‘க்ஷத்ர’வும், அதிலிருந்து வந்து தமிழில் ‘சத்திரியர்’ என்று வழங்கும் சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. காசோலைக்கும் சத்திரியருக்கும் தூரத்துச் சொந்தம் என்பதை முதன்முறை கேட்கும்போது நம்ப முடியாது. ஆனால் காசோலையிலிருந்து ‘க்ஷாயதிய’ வரையிலான கண்ணிகள் எழுத்தில் இருக்கின்றன, சத்திரியரோடு உள்ள உறவு அறிஞர்கள் ஒப்பிட்டுக் கண்டது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். ‘செஸ்’ என்ற பெயர் ‘சதுரங்கம்’ என்பதிலிருந்து திரிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆட்டம் இந்தியாவிலிருந்து போனது, அதில் சந்தேகமில்லை. ஆங்கிலப் பெயர் அப்படி வரவில்லை. பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ ஒருமை என்றால் ‘எஸ்செஸ்’ பன்மை. அந்தப் பன்மைதான் ஆங்கிலத்தில் ‘செஸ்’. ஆக ‘செக்’கும் ‘செஸ்’ஸும் ஒரே சொல்லின் ஒருமையும் பன்மையும். சதுரங்கம் என்ற சொல் வேறு பாதையில் போனது. பாரசீகத்தில் ‘சத்ரங்’, அரபியில் ‘ஷத்ரஞ்ஜ்’, கடைசியில் ஸ்பானிஷில் ‘அஹெத்ரெஸ்’, போர்த்துகீசியத்தில் ‘ஷத்ரெஸ்’.

ஆறாம் படி: ஒலி ஏன் மாறியது என்று கேளுங்கள்

‘ஷாஹ்’ எப்படிச் ‘செக்’ ஆகும்? வேர் தேடுவதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒலி மாற்றம் தற்செயலாக நடப்பதில்லை. ஒரு மொழியில் இல்லாத ஒலியை அந்த மொழி தன்னிடம் இருக்கும் பக்கத்து ஒலியால் ஈடுகட்டும். ஒரு சொல்லில் அப்படி நடந்தால் அதே மாதிரியான பிற சொற்களிலும் நடந்திருக்க வேண்டும்.

சதுரங்கத்தையே எடுத்துக்கொள்வோம். செவ்வியல் அரபியில் சொல்லின் முதலில் வரும் அழுத்தமான ‘ச’ இல்லை, ‘அங்கம்’ என்பதில் வரும் ‘க’ ஒலியும் இல்லை. அதனால் ‘ச’ இடத்தில் ‘ஷ’ வந்தது, ‘க’ இடத்தில் ‘ஜ’ வந்தது. சத்ரங், ஷத்ரஞ்ஜ் ஆனது.

‘ஷாஹ்’ லத்தீனுக்குப் போனபோது முதலில் வரும் ‘ஷ’ அங்கே ‘ஸ்க’ ஆனது, கடைசியில் வரும் மூச்சொலி ‘க்’ ஆனது. அப்புறம் பிரெஞ்சு. லத்தீனில் ‘ஸ்க’, ‘ஸ்ப’, ‘ஸ்ட’ என்று தொடங்கிய சொற்களுக்கு முன்னால் பழைய பிரெஞ்சு ஓர் ‘எ’யைச் சேர்த்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் ‘ஸ்கோலா’ அங்கே ‘எஸ்கோல்’. நம் பேச்சில் ‘ஸ்கூல்’ என்பது ‘இஸ்கூல்’ ஆவதைக் கேட்டிருப்பீர்களே, அதே நாக்கு, அதே சிரமம், அதே தீர்வு. லத்தீன் ‘க’ பிரெஞ்சில் பல இடங்களில் ‘ச’ ஆனது. ஆங்கிலத்தில் கோட்டையைக் குறிக்கும் ‘காசில்’ என்பதையும் பிரெஞ்சில் ‘ஷத்தோ’ என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் (பழைய பிரெஞ்சின் ‘ச’ இன்று ‘ஷ’வாக ஒலிக்கிறது). இவையெல்லாம் சேர்ந்து ‘ஸ்காக்’ என்பதை ‘எஸ்செக்’ ஆக்கின. ஆங்கிலேயர்கள் முன்னால் இருந்த ‘எஸ்’ஸை உதிர்த்துவிட்டார்கள். மிஞ்சியது ‘செக்’.

இப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதே மொழியிலிருந்து இன்னோர் எடுத்துக்காட்டாவது தேடுங்கள். கிடைத்தால் உங்கள் சங்கிலி உறுதி. கிடைக்கவில்லை என்றால் அந்தக் கண்ணியைப் பென்சிலால் மட்டும் எழுதுங்கள்.

ஏழாம் படி: அங்கிருந்து முன்னோக்கி வாருங்கள்

வேரைத் தொட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று பலர் நின்றுவிடுகிறார்கள். அர்த்தம் எப்படிப் பெருகியது என்பது திரும்பி வரும் வழியில்தான் தெரியும். ஒவ்வொரு நகர்வுக்கும் “இதைச் சொன்னவர் மனதில் என்ன இருந்திருக்கும்?” என்று கேளுங்கள்.

ராஜாவுக்குச் செக் வந்ததும் என்ன ஆகிறது? அதுவரை போட்டுவைத்த திட்டம் எல்லாம் நின்றுவிடுகிறது. முதலில் ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். சதுரங்கப் பலகைக்கு வெளியேயும், ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று திடீரென்று நின்றால் அதுவும் செக். இந்த நகர்வு பிரெஞ்சிலேயே தொடங்கிவிட்டது. இன்றைய பிரெஞ்சில் ‘எஷெக்’ என்றால் தோல்வி. அதையே பன்மையில் சொன்னால் சதுரங்கம். ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டிலேயே தடுத்து நிறுத்துவது, அடக்குவது என்ற பொருள்கள் வந்துவிட்டன. கோபத்தை அடக்குவது, ஹாக்கியில் மோதித் தடுப்பது எல்லாம் இந்தக் கிளையின் பிள்ளைகள். அரசின் ஒரு பிரிவு இன்னொன்றை மீறிப் போகாமல் தடுக்கும் ஏற்பாட்டை அமெரிக்க அரசியலில் ‘செக்ஸ் அண்ட் பேலன்சஸ்’ என்கிறார்களே, அந்தச் ‘செக்’கும் இதுதான்.

தடுப்பதிலிருந்து சரிபார்ப்பதற்கு எப்படிப் போனது? இந்த ஓர் அடியில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். கணக்குப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுதும் கணக்கை இன்னொருவர் தனியாக எழுதி வைத்தால், முதலாமவர் தவறு செய்ய முடியாது, ஏமாற்றவும் முடியாது. இரண்டாவது கணக்கு முதல் கணக்குக்கு ஒரு தடை, ஒரு ‘செக்’. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ‘செக்’ என்பதற்கு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்ற பொருளும் எழுத்தில் வந்துவிட்டது. இன்று நாம் “செக் பண்ணு” என்கிறபோது தவறைத் தடுப்பதுதான் அடியில் இருக்கிறது, அது நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த அடி வங்கிக்கு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பணத்தாளைக் கிழித்துக் கொடுத்த பிறகு புத்தகத்தில் மிஞ்சும் அடிக்கட்டையைத்தான் ‘செக்’ என்றார்கள். யாராவது தொகையைத் திருத்தினாலோ போலித் தாளைக் கொண்டுவந்தாலோ, அடிக்கட்டையோடு ஒப்பிட்டால் மாட்டிக்கொள்வார். மோசடியைத் தடுப்பதால் அதற்கு அந்தப் பெயர். நாளாவட்டத்தில் பெயர் அடிக்கட்டையிலிருந்து கிழித்துக் கொடுக்கும் தாளுக்கு நகர்ந்தது. ஒட்டியிருக்கும் இரு பொருள்களில் ஒன்றின் பெயர் மற்றொன்றுக்குத் தாவுவது எல்லா மொழியிலும் நடக்கிறது. ஆங்கிலத்தில் அர்த்தம் மாறியிருக்கும் இடங்களில் இந்த வகையை நீங்கள் அடிக்கடி சந்திப்பீர்கள்.

அடையாளத் தாள், டோக்கன் என்ற பொருள் வந்த பிறகு மற்றவை எளிது. பெட்டிக்குக் கொடுக்கும் டோக்கன், சாப்பாட்டு பில் இரண்டும் அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் பரவின. அங்கே மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றால் இன்னொரு நாள் வந்து பார்ப்பதற்கு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள், அது ‘ரெயின் செக்’. இன்று ஓர் அழைப்பை “இப்போது முடியாது, பிறகு பார்க்கலாம்” என்று தள்ளிப்போடுவதற்கும் அந்தத் தொடரைச் சொல்கிறார்கள்.

எட்டாம் படி: தனியாக நின்ற கிளைக்குத் திரும்புங்கள்

துணியை ஒதுக்கி வைத்திருந்தோம் அல்லவா? அதற்கு வழி ராஜாவிலிருந்து அல்ல, பலகையிலிருந்து போகிறது. சதுரங்கப் பலகைக்கு லத்தீனில் ‘ஸ்காக்காரியும்’, பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்கியேர்’, ஆங்கிலத்தில் ‘செக்கர்’. பலகையின் கட்டங்கள் போன்ற வடிவத்துக்கும் அதே பெயர். ‘செக்கர்’ சுருங்கிச் ‘செக்’ ஆனது. கட்டம் போட்ட சட்டை இப்படித்தான் ராஜாவுக்கு உறவானது. கார் பந்தயம் முடியும்போது ஆட்டும் கறுப்பு வெள்ளைக் கொடிக்கும் இதே வழி.

இதே பலகையிலிருந்து இன்னொரு கிளை அரசாங்கக் கஜானாவுக்குப் போனது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘எக்ஸ்செக்கர்’. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் ஹென்றி மன்னர் காலத்தில், இங்கிலாந்தில் மன்னரின் வட்டார அதிகாரிகளான ஷெரிஃபுகள் கொண்டுவரும் வரிப்பணத்தை ஒரு பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்ற அரசப் பொருளாளர் 1170-களின் இறுதியில் இந்த முறையை விளக்கி லத்தீனில் எழுதத் தொடங்கினார். மேசை சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம். பொருள்கள் உருண்டு விழாமல் இருக்கச் சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி. அந்தப் பத்திகளில் வில்லைகளை நகர்த்திக் கூட்டுவார்கள், கழிப்பார்கள். சதுரங்கத்தில் இரு தரப்பு மோதுவதுபோல இங்கே பொருளாளரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள் என்று அவரே பெயருக்கு விளக்கம் தருகிறார். சுமார் 900 ஆண்டுப் பழைய ஒரு சொல்லுக்கு, அந்தக் காலத்திலேயே அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர் எழுதிய விளக்கம் கிடைப்பது அபூர்வம். பிரிட்டனின் நிதியமைச்சருக்கு இன்றும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்றுதான் பட்டம். அதில் இருக்கும் ‘எக்ஸ்’ பிற்காலத்தில் நுழைந்தது. ‘எக்ஸ்’ என்ற லத்தீன் முன்னொட்டு அதில் இருப்பதாகத் தவறாக நினைத்து எழுத்தை மாற்றிவிட்டார்கள்.

கிளைகள் பிரிந்தபின் மறுபடி ஒன்றோடொன்று உரசும் என்பதையும் இங்கே பாருங்கள். காசோலையை ‘க்யூ’ போட்டு எழுதும் வழக்கம் இந்த எக்ஸ்செக்கரின் செல்வாக்கால் வந்தது. 1828-இல் வங்கித் தொழிலைப் பற்றி எழுதிய ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட், பெரும்பாலோர் சாதாரணமாகத்தான் எழுதுகிறார்கள், நான் குழப்பம் வராமல் இருக்கவும் எக்ஸ்செக்கரோடு ஒத்துப்போகவும் இப்படி எழுதுகிறேன் என்று காரணம் சொல்லியிருக்கிறார்.

ஒன்பதாம் படி: அழகான கதைகளைச் சோதியுங்கள்

‘செக்மேட்’ என்றால் “ராஜா செத்துவிட்டார்” என்று எங்கும் எழுதியிருப்பார்கள். அரபியில் ‘மாத்த’ என்றால் இறந்தான் என்பதால் அந்த விளக்கம் வந்தது. ஆனால் இது பாரசீகத் தொடர்: ‘ஷாஹ் மாத்’. பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் வழியின்றித் திகைத்து நிற்பது. ஆட்டத்தையே சாட்சிக்குக் கூப்பிடுங்கள். சதுரங்கத்தில் ராஜாவை யாரும் வெட்டி எடுப்பதில்லை. தப்பிக்க இடமில்லாமல் நிற்கும்போது ஆட்டம் முடிந்துவிடுகிறது. எனக்கு இரண்டாவது விளக்கமே பொருத்தமாகப் படுகிறது, வேர் ஆராய்ந்தவர்களில் பலரும் அதன் பக்கம்தான். ரஷ்ய மொழியில் ஆட்டத்தின் பெயரே ‘ஷாக்மதி’, அதாவது ஷாஹ் மாத்.

இன்னொரு கதை: ஆங்கிலக் காசோலை அரபியின் ‘சக்’கிலிருந்து வந்தது என்பது. அரபியில் பண ஆவணத்துக்கு அந்தப் பெயர் உண்டு, வணிகர்கள் அதைப் பயன்படுத்தியதும் உண்மை. ஒலியும் ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது. ஆனாலும் ஒலிப் பொருத்தத்தை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது. கடன் வாங்கியிருந்தால், ஆங்கிலத்தில் முதல் வாக்கியத்திலேயே அது பண உத்தரவாக வந்திருக்க வேண்டும். நாம் பார்த்ததோ அடிக்கட்டை முதலில், தாள் பிறகு. தடுப்பு, ஒப்பீடு, அடிக்கட்டை, தாள் என்ற வரிசை ஆங்கிலத்துக்குள்ளேயே முழுதாகக் கிடைக்கும்போது வெளியே தேட வேண்டியதில்லை. முக்கிய ஆங்கில அகராதிகளும் அப்படித்தான் சொல்கின்றன.

ஒரு கதை உங்களைக் கவரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். ஆண்டுகள் ஒத்துவருகின்றனவா? நடுவில் இருக்க வேண்டிய அர்த்தம் எழுத்தில் இருக்கிறதா? முதலெழுத்துகளைச் சேர்த்து உண்டானது என்று பழைய சொற்களுக்குச் சொல்லும் விளக்கங்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் முதல் சுற்றிலேயே விழுந்துவிடும், ஏனென்றால் அப்படிச் சொல் உண்டாக்குவது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் பரவிய வழக்கம்.

பத்தாம் படி: படமாக வரைந்து வையுங்கள்

ஒரு தாளின் அடியில் ‘ஷாஹ்’ என்று எழுதுங்கள். அதன்மேல் அரபி, லத்தீன், பிரெஞ்சு. ஆங்கிலத்தைத் தொட்டதும் கிளை பிரியுங்கள்: ஒரு பக்கம் ஆட்டக் குரல், தடுப்பு, சரிபார்ப்பு, அடிக்கட்டை, தாள், டோக்கன், பில். மறுபக்கம் பலகை, கட்டம், துணி, கஜானா. ஒவ்வொரு கோட்டின் மேலும் நூற்றாண்டை எழுதுங்கள், பக்கத்தில் “ஏன்” என்பதை ஒரே வரியில். எழுத முடியாத கோட்டுக்குப் புள்ளிக்கோடு போதும். இரண்டாம் படியில் சேர்த்த வாக்கியங்கள் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு கிளையில் உட்கார்ந்துவிட்டதா என்று பாருங்கள். மரப்பலகையின் வெடிப்பையும் போக்கர் ‘செக்’கையும் எங்கே வைப்பீர்கள் என்று உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

அடுத்த சொல்லாக ‘பேங்க்’கை எடுங்கள். ஆற்றங்கரைக்கும் பணம் போடும் வங்கிக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர், அகராதிகளில் தனித்தனிச் சொற்களாகத்தான் இருக்கும். வங்கி இத்தாலியிலிருந்து வந்தது, பணம் மாற்றுவோரின் மேசையைக் குறிக்கும் சொல் அது. கரை வட ஐரோப்பாவின் நார்ஸ் மொழிப் பக்கத்திலிருந்து வந்தது. மூன்றாம் படியில் இரண்டையும் பிரித்துவிடுவீர்கள். ஐந்தாம் படியில் இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள், இரண்டுமே பெஞ்சைக் குறிக்கும் ஒரே பழைய ஜெர்மானியச் சொல்லில் போய்ச் சேரும். அது முடிந்ததும் ‘போர்டு’. பலகை, சாப்பாட்டு மேசை, நிர்வாகக் குழு என்று அதற்கும் ஒரு நல்ல படம் வரும்.